படகு யந்திரமும் கடன் விலங்கும்

நம் மலையடிவாரத்தில் ஏலம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள். கடற்கரையில் வேறு பொருள். தேவாரத்திலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் என்பது மலைச்சரிவில் மரநிழலில் விளைந்து வரும் வாசனைக் காய். இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் அது விடியற்காலையில் மீனைக் குவித்து வைத்து விலை கூறும் கூவல். சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு. ஆனால் இரண்டிடத்தும் பாடுபட்டவனுடைய ஸ்திதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். விளைவித்தவனும் பிடித்தவனும் ஓரத்தில் நிற்க, விலையை நிர்ணயிப்பவன் வேறொருவனாக இருக்கிறான்.

சிறு மீன்படகுக்கு எந்த யந்திரம் வாங்குவது என்னும் விஷயத்தைப் பற்றி இன்று எழுதப் புகுந்தோம். கடலே கண்ணிற் படாத மேற்கு மலையோரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவதேன் என்று வாசகரிற் சிலர் கேட்கலாம். வைகை அணையில் மீன் பிடிப்பவர்க்குப் பரிசலும் துடுப்பும் போதுமே என்றும் சொல்லலாம். ஆனால் தோட்ட வேலைக்காக அதிகாலையில் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்கும் கம்பமெட்டுக்கும் செல்லும் கூலியாளின் கஞ்சிக்குத் துணையாவது கடற்கரையிலிருந்து வந்த கருவாடுதான். அதைப் பிடித்தவனுக்கு அதில் என்ன மிஞ்சியது என்று விசாரிப்பது நம் கடமைக்குப் புறம்பானதன்று. கிணற்றுக்குப் பம்பு செட்டு வாங்கிக் கடனில் அகப்பட்ட அனுபவமுள்ள நம்மவருக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும் என்பதும் நமது நம்பிக்கை.

நாம் சொல்ல வந்தது இதுதான். யந்திரம் வாங்குவது கடைத்தெருவில் முடிந்துபோகும் ஒரு வியாபாரம் என்று மீனவன் நினைக்கிறான். சர்க்காரும் அவ்வாறே நினைக்கிறது. உண்மையில் அந்த ஒரு தினத்தில் அவன் செய்யும் முடிவு, இனி வரும் பல வருஷங்களுக்கு அவன் பிடிக்கும் மீன் யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. ஆகையால் குதிரைசக்தியையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன் எரிபொருளையும், பழுது பார்க்கும் வசதியையும், எல்லாவற்றிற்கும் மேலாக யந்திரம் வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

நம் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. சோழமண்டலக் கரையில் பெரும்பகுதி துறைமுகமில்லாத திறந்த மணற்கரை. அலை உடையும் அக்கரையிலிருந்து புறப்படவும் திரும்பி மணலில் ஏறவும் நம் முன்னோர் கண்ட சாதனம் கட்டுமரம். வாடையும் கச்சானும் சோழகமும் அறிந்து பாய் விரித்தவர்க்கு எண்ணெய்ச் செலவு என்பது இல்லை. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் யந்திரப் படகுத் திட்டம் தொடங்கியது. நாட்டு வள்ளங்களில் வெளியே மாட்டும் யந்திரம் பரவலானதோ 1980-க்குப் பின்னரே. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து போனபின், தொண்டு ஸ்தாபனங்களும் சர்க்காரும் கொடுத்த கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் நிறைந்தன. கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர் பலர் அந்த நிவாரணத்தின் வழியாகவே முதன்முதல் யந்திரத்துக்கு உடையவர் ஆனார்கள். அந்த யந்திரங்கள் தேய்ந்தன. இரண்டாவது யந்திரத்தையும் மூன்றாவது யந்திரத்தையும் யாரும் தானமாகக் கொடுப்பதில்லை; அவற்றை அவனே வாங்கவேண்டும். கேள்வி பிறப்பது அங்கேதான்.

யந்திரத்தின் அமைப்பை முதலில் சுருக்கமாகக் கூறுவோம். படகின் பின்புறமாகிய அமரத்தில் வெளியே மாட்டும் யந்திரத்தில், எஞ்சினும் பல்சக்கரமும் நீருக்குள் சுழலும் விசிறியும் ஒரே கட்டாக இருக்கும். 9.9 குதிரைசக்தி யந்திரம் சுமார் 40 கிலோ எடையுள்ளது. கழற்றித் தோளில் சுமந்து வீட்டிற் கொண்டுபோய் வைக்கலாம். கரை நெருங்கும்போது விசிறியை நீருக்கு வெளியே தூக்கிவிடலாம். துறைமுகமில்லாத கரைக்கு இஃதொரு பெரிய அநுகூலம். இவ்வகை யந்திரங்களில் நம் கரையில் பெயர் பெற்ற யமஹாவும் சுஸுகியும் ஜப்பான் தேசத்தவை.

இதற்கு எதிராகச் சோழமண்டலக் கரையில் பெருவழக்காக உள்ளது நீண்ட தண்டு வைத்த சிறு டீசல் எஞ்சின். வயலில் நீர் இறைப்பதற்குப் பயன்படுத்தும் எஞ்சினுக்குச் சகோதரன் என்று அதைச் சொல்லலாம். அமரத்தில் ஒரு முளையின் மேல் அது திரும்பும். பல அடி நீளமுள்ள தண்டின் நுனியில் விசிறி இருக்கும். பார்வைக்கு அழகில்லை, இரைச்சலோ காதைச் செவிடாக்கும். வேகமும் சற்றுக் குறைவு. ஆயினும் வலையின் மேலும் மணல் திட்டின் மேலும் தண்டைத் தூக்கிவிட்டுப் போகலாம். எந்த ஊரிலும் டீசல் கிடைக்கும். பழுது பார்க்கும் ஆளும் கிடைப்பான்.

வெளியே மாட்டும் யந்திரத்திலும் இரண்டு ஜாதி உண்டு. இரண்டடி எஞ்சின் என்பது எரிபொருளுடன் மசகெண்ணெயைக் கலந்து எரிப்பது. அமைப்பு எளிது, எடை குறைவு, கிராமத்து மெக்கானிக்கே பிரித்துப் பூட்டுவான். ஆனால் பழைய முறையில் அமைந்த இரண்டடி எஞ்சினில் ஊற்றிய எண்ணெயில் நாலில் ஒரு பங்கு வரையில் எரியாமலே புகையோடு வெளியேறிக் கடலில் கலக்கிறது. நான்கடி எஞ்சின் அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு குறைந்த எண்ணெயில் செய்யும். விலையும் எடையும் அதிகம். பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் யந்திரத்துக்கோ இன்னும் ஒரு தொல்லை உண்டு. பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றவேண்டும். அப்படிச் செய்யாதவனுடைய யந்திரம் மறுநாள் காலையில் பேசாது.

இனி மீனவன் எதைப் பார்த்து வாங்குகிறான்? பெரும்பாலும் குதிரைசக்தியைப் பார்த்தே வாங்குகிறான். பக்கத்துப் படகில் 10 இருந்தால் தனக்கு 15 வேண்டும் என்கிறான். அவன் 15 வாங்கினால் மற்றொருவன் 25 என்கிறான். இந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறியக் கேரளக் கரையைப் பார்த்தால் போதும். 1980-க்களின் நடுவில் அங்கே வளைவலை வந்தபின் வள்ளங்கள் பெருத்தன. ஒரே வள்ளத்தில் 40 குதிரைசக்தி யந்திரங்களை இரண்டும் மூன்றுமாக மாட்டினார்கள். கடலில் இருந்த மீன் அதற்கேற்பப் பெருகவில்லை.

குதிரைசக்தி கூடினால் வேகம் கூடும் என்பது பாதி உண்மையே. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே ஒரு வரம்பு கட்டுகிறது. நீரில் படியும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று அந்த வரம்பு வரும். 25 அடிப் படகுக்கு அது 6.7 கடல்மைல். சுமையில்லாத இலேசான படகு அலைமேல் எழும்பி இதனினும் விரைவாக ஓடலாம். வலையும் பனிக்கட்டியும் ஆட்களும் ஏறிய படகு, வரம்பை நெருங்க நெருங்க எண்ணெயைக் குடிக்குமேயன்றி வேகத்தைக் கொடாது. 6 கடல்மைல் வேகத்தை 7 ஆக்குவதற்கு ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட சக்தி வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்துக்காக நார்வே தேசத்துப் படகு நிபுணர் குல்பிராண்சன் எழுதி 2012-இல் வெளிவந்த எரிபொருள் சிக்கனக் கையேடு, வேகத்தைக் குறைப்பதையே வற்புறுத்துகிறது. அவர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் நம் கரையிலேயே உழைத்தவர். மணற்கரையில் ஏறும் படகுக்கென, விசிறியைத் தூக்கத்தக்க சிறு டீசல் அமைப்பைச் செய்து பார்த்தவர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 9.9 குதிரைசக்தி மண்ணெண்ணெய் யந்திரம் மணிக்கு 4 லிட்டர் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 5 மணி நேரம் ஓடினால் 20 லிட்டர். வருஷத்தில் 220 நாள் கடலுக்குப் போனால் 4,400 லிட்டர். ஏறக்குறைய அதே சக்தியுள்ள டீசல் எஞ்சின் மணிக்கு 2 லிட்டர் எரிக்கும். அது மெதுவாகச் செல்வதால் 5 மணிக்குப் பதில் 6 மணி ஓடவேண்டும் என்றே கொள்வோம். அப்பொழுதும் நாளுக்கு 12 லிட்டர். வருஷத்துக்கு 2,640 லிட்டர். வித்தியாசம் 1,760 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,76,000 ரூபாய். நம் அநுமானத்தில் பாதியைத் தள்ளிவிட்டாலும், கடையில் இரண்டு யந்திரங்களுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பேரம் பேசுவது எவ்வளவு அற்ப விஷயம் என்பது விளங்கும். யந்திரத்தின் விலையை ஒரு முறை கொடுக்கிறோம். எண்ணெயின் விலையை நாள்தோறும் கொடுக்கிறோம்.

மானிய விலை மண்ணெண்ணெய் மலிவாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தபடி, நாட்டுப்படகு ஒன்றுக்கு வருஷத்துக்குரிய மானிய மண்ணெண்ணெய் 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராயிற்று; யந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்குரிய வரிவிலக்கு டீசல் 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராயிற்று. இச்சலுகையை நாம் குறை கூறவில்லை. ஆயினும் மேலே போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டால் மண்ணெண்ணெய்ப் படகுக்கு 700 லிட்டர் போதாமற் போகிறது. டீசற் படகுக்கோ அளவில் மீதி நிற்கிறது. மேலும், ரேஷன் மண்ணெண்ணெய்க்கு மத்திய சர்க்கார் கொடுத்துவந்த மானியம் படிப்படியாகக் குறைந்து 2020-இல் அடியோடு நின்றுபோனதை நாம் கண்டோம். அடுப்புக்கு மண்ணெண்ணெய் வேண்டாம் என்று தேசம் முடிவு செய்துவிட்ட பிறகு, படகுக்கு மட்டும் அது என்றென்றும் மலிவாகக் கிடைக்கும் என்று நம்பி ஒருவன் யந்திரம் வாங்குவது விவேகமாகாது. ஒரே ஒரு வாசலில் மட்டும் கிடைக்கும் எண்ணெயைக் குடிக்கும் யந்திரம், அந்த வாசல் அடைபட்ட அன்று வெறும் இரும்பு.

எரிபொருள் கணக்கு இவ்வாறிருக்க, இதனினும் பெரிதான கடன் கணக்குக்கு வருவோம்.

யந்திரம் வாங்கப் பணம் யார் கொடுக்கிறார்? கரையில் மீனை ஏலம் எடுக்கும் வியாபாரியோ தரகரோ முன்வருகிறார். வட்டி கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை, பத்திரம் எழுதுவதுமில்லை. ஆபத்தில் உதவும் உபகாரி போலத் தோன்றுகிறார். ஆனால் எழுதப்படாத அந்தப் பத்திரத்தில் ஒரு ஷரத்து உண்டு: கடன் தீரும்வரை மீனை அவரிடமே போடவேண்டும். நியாயஸ்தலத்தில் பழகியவர்கள் அறிவார்கள், எழுதிய ஷரத்தை எதிர்த்து வாதாடலாம். எழுதாத ஷரத்தை எதிர்த்து வாதாட இடமே இல்லை.

அந்த வட்டியில்லாக் கடனின் வட்டியை நாமே கணக்கிடுவோம். கடன் ஒரு லட்சம் ரூபாய். நாள் ஒன்றுக்குச் சராசரி 3,000 ரூபாய் மீன் வருகிறது என்று கொள்வோம். கடன் வாங்கியவன் என்ற காரணத்துக்காக நூற்றுக்கு 5 ரூபாய் கூடுதலாகக் கமிஷன் பிடிக்கப்பட்டால் நாளுக்கு 150 ரூபாய். 220 நாளைக்கு 33,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு 33 வட்டி. முதலில் ஒரு காசும் குறையவில்லை. மூன்று வருஷத்தில் கொடுத்தது ஏறக்குறைய வாங்கிய தொகையே ஆகிவிடும்; கடனோ அப்படியே நிற்கும். வருஷம் முழுதும் உப்புநீரில் ஓடும் யந்திரத்துக்கு ஆயுள் சில வருஷங்களே. ஆகவே பழைய யந்திரத்தின் கடன் தீருமுன் புதிய யந்திரத்தின் கடன் வந்து சேர்கிறது. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் மீன் போடுகிறான்.

இதை நம் மலைப்பக்கத்து விவசாயிக்கு விளக்கவேண்டியதில்லை. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. விளைவதற்கு முன்னரே முன்பணம் வாங்கிக் காயை ஒப்புக்கொடுத்திருந்தவனுக்கு அந்த விலையால் வந்த லாபம் என்ன? விலை ஏறும் நாளில் பயனடைபவன் விற்பதற்குச் சுதந்தரம் உள்ளவனே. கடலிலும் அப்படித்தான். நல்ல மீன் அகப்பட்ட நாளில் நாலு வியாபாரியைக் கூப்பிட்டு விலை கேட்க முடியாதவனுக்கு 25 குதிரைசக்தி இருந்து பயன் யாது?

தூத்துக்குடியில் 1906-இல் தேசபக்தர் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தபோது, முதலில் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் அமர்த்தினார். எதிரியாகிய பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் அந்தக் குத்தகை ரத்தாயிற்று. பிறர் கையிலுள்ள கப்பலை நம்பிக் கடலில் இறங்க முடியாதென்பதை உணர்ந்துதான் அவர் பம்பாய் சென்று பாடுபட்டு, காலியா, லாவோ என்னும் கப்பல்களைக் கம்பெனிக்கே சொந்தமாகக் கொண்டுவந்தார். அவர் சிறைப்பட்டபின் கம்பெனி நசித்தது வேறு கதை. ஆனால் அவர் கண்ட அந்த முதற் பாடத்தை நம் சிறு மீனவன் விஷயத்தில் நாம் மறந்துவிட்டோம். கடன் கொடுத்தவன் நாளைக்கே கழற்றிக்கொண்டு போகத்தக்க யந்திரம் மீனவனுடைய யந்திரமன்று. அவன் அதை வாடகைக்கு ஓட்டுகிறான்.

சுதேசியம் பேசுவோர் மற்றொரு கேள்வி கேட்பார்கள்: ஜப்பான் யந்திரத்தை வாங்கலாமா? அந்நியப் பொருள் என்னும் ஒரே காரணத்துக்காக நல்ல யந்திரத்தை ஒதுக்கும்படி ஏழை மீனவனுக்கு உபதேசம் செய்ய நமக்கு மனமில்லை. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போகிறவனுக்கு யந்திரம் நிற்காமல் ஓடவேண்டும். சுதேசியத்தின் உரைகல் வேறோரிடத்தில் இருக்கிறது. பழுதானால் அதைச் சரிசெய்யும் கை நம் ஊரில் இருக்கிறதா? நீர் இறைக்கும் சிறு ரப்பர் சக்கரம் கெட்டால், பொறி கக்கும் பிளக்குப் போனால், மாற்றுச் சாமான் அடுத்த பஸ்ஸில் வருமா, அடுத்த மாதம் வருமா? ஒரு வாரம் யந்திரம் நின்றால் படகும் ஒரு வாரம் நிற்கும். படகிலுள்ள நாலு குடும்பங்களும் நிற்கும். உள்ளூரில் பழுது பார்க்கத்தக்க யந்திரமே மீனவனுக்குச் சுதேசி யந்திரம் என்போம்.

நாம் சொல்வதற்கு ஆக்ஷேபங்கள் உண்டு. மீன் எட்டிப் போய்விட்டது, விரைவாகப் போனால்தான் முதலில் வந்து நல்ல விலை பெறலாம் என்பது ஒன்று. முதலில் வருபவனுக்குக் கூடுதல் விலை கிடைப்பது மெய். எல்லோரும் 25 வாங்கிவிட்டால் முதலில் வருபவன் எவன்? முந்தைய வரிசையே திரும்ப வரும்; எண்ணெய்ச் செலவு மட்டும் எல்லோருக்கும் உயர்ந்திருக்கும். கரைக்கு முந்துவதைக் காட்டிலும், பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைத்து மீனைக் கெடாமற் கொண்டுவருவது மலிவான வழி.

மற்றோர் ஆக்ஷேபம் உயிரைப் பற்றியது. நீரோட்டமும் புயற்காற்றும் எதிர்த்தால் சிறிய யந்திரம் கைவிட்டுவிடாதா? இதை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். ஓட்டம் மிக்க குமரிக்கடலில் மீன் பிடிப்பவனுக்கும் அமைதியான பாக்கு விரிகுடாவில் பிடிப்பவனுக்கும் ஒரே யந்திரம் பொருந்தாது. சுமையேறிய படகு எதிர்காற்றில் கரை சேர எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவு இருக்கவேண்டும். அதற்கு மேற்பட்டது வீண். கடலில் ஆபத்து வருவது பெரும்பாலும் யந்திரம் சிறுத்ததால் அன்று, நின்றுபோனதால். பேணாத பெரிய யந்திரத்தைவிடப் பேணிய சிறிய யந்திரமே உயிர் காக்கும். துடுப்பையும் ஒரு சிறு பாயையும் படகில் வைத்துக்கொள்வதை அவமானமாக எண்ணும் இளைஞர், தம் பாட்டன்மார் எதைக்கொண்டு கரை சேர்ந்தார்கள் என்பதை நினைக்கவேண்டும்.

ஆகவே வாங்கப் போகும் மீனவன் கவனிக்க வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்வோம். முதலில் படகின் பின்பலகையின் உயரத்தை அளக்கவேண்டும். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டும், 20 அங்குலப் பலகைக்கு நெட்டைத் தண்டும் பொருந்தும். விசிறி சுமை இழுப்பதற்கேற்ற அகன்ற விசிறியா, உல்லாசப் படகின் விசிறியா என்று கேட்கவேண்டும். சுமையோடு முழுவேகத்தில் ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் என்று அதே யந்திரம் வைத்திருக்கும் நாலு பேரை விசாரிக்கவேண்டும். விற்பவனை விசாரித்துப் பயனில்லை. வாங்கியபின் கடலிலிருந்து வந்தவுடன் நல்ல தண்ணீரில் யந்திரத்தைக் கழுவ மறக்கலாகாது. உப்பு அரிக்காமலிருக்கப் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டி தேய்ந்தவுடன் மாற்றவேண்டும். இவையெல்லாம் சிறு காரியங்கள். ஆயுளைக் கூட்டுபவை இவையே.

பணத்துக்கு வழி என்ன? வழி இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டு மீனவர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் தங்கள் மீனைத் தாங்களே கரையில் ஏலம் விடத் தொடங்கினார்கள். விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதி சேமிப்பாகவும் கடன் தவணையாகவும் அங்கேயே பிடிக்கப்பட்டது. அத்தகைய சங்கங்கள் பல சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாயிற்று. கன்னியாகுமரி ஜில்லாவின் சங்கங்களும் அதிற் சேர்ந்தன. யந்திரம் தருவித்துக் கொடுப்பதையும், பழுது பார்க்கும் பட்டறை வைப்பதையும் அந்தக் கூட்டமைப்பே மேற்கொண்டது. இங்கும் கடனுக்கும் மீனுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஏலம் விடுபவனும் கடன் கொடுப்பவனும் மீனவனுடைய சங்கமே. கமிஷன் வெளியே போகாமல் வீட்டிலேயே தங்குகிறது.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுவாக நூற்றுக்கு 40-ம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு நூற்றுக்கு 60-ம் மானியம் உண்டு. நல்லது. ஆனால் மானியம் பின்னால் வருமெனில், முன்னால் முழு விலையையும் புரட்ட மீனவன் யாரிடம் போவான்? அதே வியாபாரியிடந்தான். ஆகையால் மானியமும் கூட்டுறவுக் கடனும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும். லிட்டர் கணக்கில் கொடுக்கும் உதவியில் ஒரு பகுதியை, குறைவாக எரிக்கும் யந்திரம் வாங்குவோர் தங்கள் யந்திரக் கடனுக்கு வரவு வைத்துக்கொள்ள அநுமதிக்கவேண்டும். இன்றுள்ள ஏற்பாட்டில் அதிகம் எரிப்பவனுக்கு அதிக உதவி; சிக்கனமாயிருப்பவனுக்குப் பரிசு இல்லை. நாகப்பட்டினத்தில் 2012-இல் ஏற்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சந்தையிலுள்ள யந்திரங்கள் ஒவ்வொன்றையும் சுமையேற்றிய படகில் ஓட்டிப் பார்த்து, எத்தனை லிட்டர், எத்தனை வேகம் என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மீன் இறங்குதுறையிலும் ஒட்டிவைப்பது அத்தகைய கலாசாலைக்குத் தக்க பணியல்லவா? மீனவர் மக்களிலேயே இளைஞரைத் தெரிந்தெடுத்து யந்திரத் தொழில் பயிற்றுவிப்பதும் அதனோடு நடக்கவேண்டும்.

கிராமத்தில் பொதுவேலை செய்யும் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரைக் கூட்டங்களில் மானியம் போதாது என்று தீர்மானம் நிறைவேற்றுவது சுலபம். அதோடு நில்லாமல் ஒரே ஒரு கிராமத்தில் பத்துப் படகுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் யந்திரக் கடன் யாரிடம், எவ்வளவு, அதற்காக மீன் விலையில் எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் வருஷம் முழுதும் எழுதிப் பாருங்கள். கூட்டத்தில் முழங்குவதைவிட அந்த நோட்டுப் புத்தகம் அதிகம் பேசும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சங்கம் அமைக்கப் போனால் மீனவன் கதவைத் திறப்பான். கூட்டுறவு பாங்கியும் அதைப் படித்துப் பார்க்கும். போடி, தேவாரம் பக்கத்து ஏலக்காய் விவசாயிகளிடமும் இதே நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கலாம். முன்பணம் என்ற தலைப்பில் முதற் பக்கத்தைத் திறந்தால் போதும். மலைக்கும் கடலுக்கும் வழக்கு ஒன்றே என்பது சில மாதங்களுக்குள் தெரிந்துவிடும்.